அத்தானுக்காகத் திறந்துவிட்ட மெமரி

தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். தாராவியில் ஒரு பேக் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு டேபிள், ஒரு ஃபேன், நான், என் அக்கா வீட்டுக்காரர். அந்த வேலையை வாங்கித் தந்ததே அத்தான்தான்.

கீழே பட்டறை நடத்திய பாய்க்கு, தோலில் டிசைன் அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு கன்ட்ரோலர் செய்துகொண்டிருந்தோம். ஒரே சிப்பில் நாலு டாஸ்க், அதாவது நாலு குட்டி புரோகிராம், மாறி மாறி ஓடும். பிரஸ்ஸை இறக்குவது என்னுடையது, டிஸ்ப்ளே அத்தானுடையது.

ஒரு டாஸ்க் இன்னொன்றின் மெமரியில் எழுதக் கூடாது, எல்லாவற்றையும் மேய்க்கும் கெர்னலுக்கு மட்டும்தான் எல்லா இடமும்... இப்படிப் பூட்டு போட்டேன். எல்லை தாண்டினால் மெஷின் நின்றுவிடும். மறுநாளே அத்தானின் டிஸ்ப்ளேயால் நின்றது. திரும்பத் திரும்ப நின்றது.

தன் புரோகிராமைச் சரிபார்ப்பாரா? மாட்டார்!

"ஏன் செல்வி, என் டாஸ்க்குக்குப் போயி பூட்டு போட்டிருக்க? நான் என்ன வெளியாளா?"

"எல்லாருக்குந்தான் அத்தான். எனக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்."

"நாளைக்கு டெமோ. சும்மா கிட்கிட்னு நச்சரிக்காத. எனக்கு மட்டும் தொறந்து விடு."

சாயங்காலம் அக்காவின் போன். "அவிய சாப்பிடாம உக்காந்திருக்காவ. அது என்னட்டி அப்படிப் பெரிய பூட்டு?"

திறந்துவிட்டேன். கெர்னலுக்கு உள்ள அதே உரிமை, அக்கா புருஷன் எழுதியது என்பதற்காக ஒரு டிஸ்ப்ளேக்கு! இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

டெமோவில் பாய் ஆசையாக, மகள் பெயரையும் சேர்த்து ஒரு டிசைனுக்கு நீளமாகப் பெயர் டைப் செய்தார். அது டிஸ்ப்ளேயின் இடத்தைத் தாண்டி என் டாஸ்க்கின் மெமரியில் விழுந்தது. பிரஸ்ஸை நிறுத்திவைத்திருந்த குறிப்பு அழிந்தது. தோலைச் சரிசெய்ய அவர் இன்னொரு கையை உள்ளே விட்டிருந்த நேரம்...

பிரஸ் இறங்கியது. ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது.

"நான் பட்டனத் தொடவே இல்லியேம்மா..." என்று என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அந்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது நவி மும்பை ஐரோலியில் பெரிய கம்பெனி. ஒரு ஃபைலைப் பார்க்கக்கூட மூன்று பேரின் அப்ரூவல் வேண்டும். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டு போட்டதற்காக யாரும் சாப்பிடாமல் உட்காருவதில்லை. மத்தியானம் அத்தான் மாதிரி டப்பாவைப் பிரித்து, முதல் பங்கை என் பக்கம் தள்ளிவைக்கவும் யாருமில்லை.

போன வாரம் தாதரில் பாயைப் பார்த்தேன். நரைத்துவிட்டார். இதற்கு மேலும் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன், பூட்டைத் திறந்தது நான்தான் என்று.

"வெரல் போன அடுத்த வாரமே ஒங்க அத்தான் வந்து, தன்மேலதான் தப்புன்னு அழுதுட்டுப் போனாரேம்மா. நீ எப்ப வருவன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

இத்தனை வருஷமும் நான் அத்தானைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.