வேனில் வைத்த தண்ணீர் கேன்

போன வருடம் புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும். ஏழாயிரம்பண்ணைக்குப் பாதை பிரிகிற விலக்கில் உள்ள டீக்கடை முன்னால் எங்கள் பட்டாசுக் கம்பெனி வேன் நின்றது.

வேன் டிரைவர் இருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். டீக்கடைக்காரர் இருந்தார். விருதுநகரில் கல்லூரி படிக்கிற பெண்பிள்ளை ஒன்று இருந்தது. நான் இருந்தேன்.

கல்லூரிப் பிள்ளைக்கு எங்கள் வேனில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்கிற மாணவர்களுக்குப் பணம் தருவதாக அவர்கள் கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். இந்தப் பிள்ளையும் கூடப் படிக்கிற மூன்று பேரும் எழுதிப் போட்டார்கள். பட்டாசு வேலை ஆட்களை ஏற்றுகிற வேன்களில் குழாய் வைத்த பெரிய தண்ணீர் கேன் வைப்பது, தீக்காயம் பட்டால் உடனே ஊற்றுவது. இதுதான் எழுதியது. பாதிப் பணம் வந்தது. ஆறு வேன்களில் கேன் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, கேன் பயன்பட்டதைக் காட்டினால்தான் மீதிப் பணம்.

எங்களுக்கு அது தொல்லையாகத்தான் இருந்தது. ஒரு ஆள் உட்காருகிற இடத்தைக் கேன் அடைத்துக்கொண்டது. டிரைவர் அந்தத் தண்ணீரில் கண்ணாடி கழுவினார். பெண்கள் தூக்குச்சட்டி கழுவினார்கள். நான் வாய் கொப்பளித்தேன். அன்று கேனைப் பார்க்கத்தான் அந்தப் பிள்ளை வந்திருந்தது. தண்ணீர் பாதிகூட இல்லை. அதை நோட்டில் குறித்துக்கொண்டது.

எனக்குப் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை. சட்டையெல்லாம் அலுமினியப் பொடி ஏறிவிடும். காலையில் பீடியையும் தீப்பெட்டியையும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். சாயந்தரம் குளித்து, சட்டை மாற்றி, அவற்றை வாங்கிக்கொண்டு வேன் ஏறுவோம். அன்று தீபாவளி சீசன் அவசரம். குளிக்கிற தொட்டியில் கூட்டம். வீட்டில் போய்க் குளிக்கலாம் என்று அதே சட்டையோடு ஏறிவிட்டேன்.

கேட்டுக்குள் இருக்கும் வரை பயம் இருக்கும். கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடும். டீக்கடையில் இறங்கி, பீடி பற்ற வைக்கத் தீக்குச்சியை உரசினேன்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம். வலது கைச் சட்டை எரிந்தது. டிரைவர் சாக்கைப் போட்டு அமுக்கினார். அணைந்துவிட்டது. விரலிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது.

“மாவு கொண்டாங்க, மாவு!” என்று கத்தினேன். எங்கள் பக்கம் சுட்ட இடத்தில் தோசை மாவைத்தான் அப்புவோம். கடைக்காரர் மாவுச் சட்டியோடு ஓடி வந்தார். அந்தப் பிள்ளை குறுக்கே நின்றது.

“மாவு வேண்டாம்ணே.”

தன் பையிலிருந்த கத்தரிக்கோலால் சட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, என் கையை இழுத்துக் கேன் குழாய்க்கு அடியில் பிடித்தது. டிரைவர் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

“அவர ஏறச் சொல்லுங்க பாப்பா. ஆஸ்பத்திரிக்கு விரட்டிருவேன். கை வெந்துகிட்டிருக்கு, நீங்க குளிப்பாட்டிக்கிட்டு நிக்கீக!”

“வேகுறத நிறுத்தத்தாண்ணே ஊத்துறேன். இருபது நிமிஷம். அப்புறம் எம்புட்டு வேகமா வேணா ஓட்டுங்க.”

எனக்கும் உடனே போய்விடத்தான் தோன்றியது. கையை இழுத்தேன். குச்சி குச்சியான விரல்கள் அந்தப் பிள்ளைக்கு. விடவில்லை.

எட்டு நிமிடத்தில் குழாய் சொட்ட ஆரம்பித்தது. கேன் காலி. நான் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் அப்போது தேவைப்பட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“யார்ட்ட தண்ணி இருக்கு?” என்று மட்டும் அந்தப் பிள்ளை கேட்டது.

ஒன்பது பெண்களும் பையைத் திறந்தார்கள். பாட்டிலில் மிச்சம் இருந்த குடிதண்ணீர். ஒருத்தி ஊற்றும்போதே அடுத்தவள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் அப்போதும் மாவுச் சட்டியை விடவில்லை.

“என்ன, இவுக கையில தோசை ஊத்தப் போறீகளா? அத வச்சிட்டுத் தண்ணிய எடுங்க!” என்று ஒரு அக்கா அதட்டினாள்.

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் டீக்கு வைத்திருந்த குடத்தையே தூக்கி வந்தார். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, போனில் நேரம் பார்த்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

நேரம் ஆனதும் அந்தப் பிள்ளை சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றியது. “இப்பப் போங்கண்ணே” என்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவு அப்பாமல் வந்தது நல்லது என்றார். விரல் மடங்கும் என்றார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தது. மீதிப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டேன். அடுத்த வாரம் விருதுநகரில் கூட்டமாம், அங்கேதான் முடிவு செய்வார்களாம்.

“என் கதைய எழுதிட்டீகளா?”

“இல்லண்ணே. உங்க காயத்தக் காட்டிக் காசு வாங்குன மாதிரி ஆயிரும்.”

ஆறு மாதத்தில் அந்தக் கேன்கள் பயன்பட்டது ஒரே ஒரு தடவை. அதையும் எழுதவில்லை இந்தப் பிள்ளை.

கூட்டத்தன்று லீவு போட்டுவிட்டு நானே பஸ் ஏறினேன். பெரிய ஹால். மேடையில் ஐந்து பேர். நான் மைக் பிடித்தவன் இல்லை. டீக்கடையில் நடந்ததை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். விரல்களை மடக்கினேன், விரித்தேன்.

“உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?” என்று ஒரு ஐயா கேட்டார்.

“நானும் அதத்தான் சொன்னேன் ஐயா. இந்தப் பிள்ளை விடல” என்றேன். வேறு ஒன்றும் பேசத் தெரியவில்லை. அது போதுமானதாக இருந்தது. மீதிப் பணம் வந்தது.

இப்போது காலையில் எங்கள் வேன் கேனை நான்தான் நிரப்புகிறேன். அதில் யாரையும் சட்டி கழுவ விடுவதில்லை. குளிக்காமல் வேன் ஏறுவதும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளை, என் கையை நானே இழுத்தபோதும் விடாமல் பிடித்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

இருபது நிமிடம்.