உப்புக்கு முன் ஒரு பிடி

அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் மாஸ்டர் உப்பு டப்பாவைத் தொடுவதில்லை. முதலில் ஒரு பிடி பாஸ்தாவை அள்ளி, கைப்பிடி உடைந்த சின்னச் சட்டியில் தனியாக வேகப் போடுகிறார். அதற்கு உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. குழைய வெந்ததும் குழாயடியில் காட்டிச் சூடு ஆற்றி, கரண்டி விளிம்பால் கொத்தி, ஜன்னலோரம் மூடி வைக்கிறார். அதன் பிறகுதான் நூற்றிருபது மனிதர்களின் பசியைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறார்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் சலவை ஆலையின் கேன்டீன் அது. பெண்களைச் சமையல் மாஸ்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. இவரையும் ஆரம்பத்தில் "ஆயா" என்றுதான் கூப்பிட்டார்கள். "எனக்கு முன்னாடி இருந்த ஆம்பளைய என்னன்னு கூப்பிட்டீங்க? கரண்டியும் அதேதான், அடுப்பும் அதேதான்" என்றார். மாஸ்டர் என்று சொல்லாதவர்களின் தட்டில் இரண்டாம் முறை எதுவும் விழவில்லை. ஒரே வாரத்தில் மேனேஜர் உட்பட எல்லோரும் வழிக்கு வந்துவிட்டார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பார். கண்ணாடியை ஆவி மறைத்தால் துடைக்க மாட்டார். நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசனையை வைத்தே வேலையை முடிப்பார். செவ்வாயும் வெள்ளியும் பாஸ்தா போட வேண்டுமென்பது நிர்வாகத்தின் உத்தரவு. அவர் அதை ஒரு வாய்கூடத் தின்றதில்லை. "உள்ளுக்குள்ள வெறுங்காத்து. அதுக்கு ஒரு சாஸு வேற!"

சட்டியில் வேகிற பிடி, பின்வாசலில் நீராவிக் குழாயை ஒட்டிய வெதுவெதுப்பான சிமெண்டுத் தரையில் படுத்திருக்கும் மூன்று நாய்களுக்கு. பிடி என்பது பேச்சுக்கு; சட்டி எப்போதும் விளிம்பு வரை இருக்கும். மூன்றில் பெரியதன் பெயர் டைரக்டர். "வேலை ஒண்ணும் கிடையாது, சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு வந்து நிக்கும். வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?" நாய்கள் மேல் அவ்வளவு பாசமா என்று கேட்டால் எரிச்சல் வந்துவிடும். "பாசமாவது ஒண்ணாவது. ஒரு வாய் பசியோட என்னையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு அடுப்புல கை ஓடாது. அவ்வளவுதான்."

போன புதன்கிழமை காலையில் டைரக்டர் வாந்தி எடுத்தது. எடுத்ததும் எடுத்தது, லாரியில் ஏற்றுவதற்காக அடுக்கி வைத்திருந்த ஆஸ்பத்திரி விரிப்புகளின் மேலேயே எடுத்துவிட்டது. நாற்பது விரிப்புகளையும் திரும்ப வெளுக்க வேண்டியதாயிற்று. அரை மணி நேரத்தில் மேனேஜர் பின்வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்: "கேன்டீன் பாஸ்தாவால் நாய் நோயுற்றது. இனிப் பின்வாசலில் நாய்களுக்கு உணவு வைக்கக் கூடாது." மறுநாள் நாய் பிடிக்கும் வண்டியை வரச் சொல்லப் போகிறார் என்றும் பேச்சு அடிபட்டது. அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை.

இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கும் தங்கை ஓடி வந்தாள். "அக்கா, உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு? இனிமே போட மாட்டேன் சார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

"செய்யாத தப்புக்கு நான் ஏண்டி தலையாட்டணும்?"

மாஸ்டர் நேரே போய் அழுக்கான விரிப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூக்கைப் பொத்தவில்லை. ஒரே சாஸ் சிவப்பு, நடுவில் மினுமினுவென்று வெங்காயத் துண்டுகள், முழுசாக ஒரு பூண்டுப் பல். "சமைச்சது நான். போட்டது நான் இல்ல" என்று எழுந்தார். சலவை இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி அவர் போட்ட சத்தத்தில் மீசைக்காரர் ஒருவர் தானாகவே முன்னால் வந்தார்.

"நேத்து சாயங்காலம் ஒரு டிரே மிஞ்சிடுச்சு மாஸ்டர். நீங்களும் பாஸ்தாதானே போடுறீங்கன்னு அப்படியே தூக்கி வெச்சேன். பாவம், டிரேயை நக்கி நக்கித் தின்னுச்சு."

"ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா என் சட்டி தெரிஞ்சிருக்கும்டா எருமை."

துணி தள்ளும் தள்ளுவண்டியில் டைரக்டரைத் தூக்கிப் போட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த கால்நடை டாக்டரிடம் அவரே தள்ளிக்கொண்டு போனார். கேன்வாசுக்கு மேலே நாயின் தலை மட்டும் தெரிய, பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. அவர் ஒதுங்கவில்லை.

டாக்டர் நாயின் ஈறைத் தூக்கிப் பார்த்து ஊசி போட்டார். "வெறும் பாஸ்தா விஷம் இல்லம்மா. வெங்காயமும் பூண்டும்தான் ஆகாது, ரத்தத்தையே கெடுத்துடும். நாலஞ்சு நாளைக்கு ஈறு வெளுக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. இன்னைக்குத் தண்ணி மட்டும். நாளைக்கு வேணா வெறும் பாஸ்தா ரெண்டு ஸ்பூன்." பிறகு நாயின் தொப்பையைத் தட்டினார். "எவ்வளவு போடுவீங்க?"

"சட்டி நிறைய."

"அதுதான் தப்பு. எப்பவாவது, கொஞ்சமா. அதுவே சாப்பாடு ஆகாது. வயிறு ரொம்பும், சத்து இருக்காது."

மாஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது.

வியாழக்கிழமை காலை, ஒரு கையில் அடி மட்டும் நிறைந்த சட்டியும் மறு கையில் தண்ணீர்க் குவளையுமாக இருந்தவரை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கடிதம் தயாராக இருந்தது, இனி நாய்களுக்கு உணவு தர மாட்டேன் என்று. அவர் கையில் செல்போன்.

"கையெழுத்து போட்டுடுங்க மாஸ்டர். பிரச்சினை முடிஞ்சுடும்."

"எனக்கு முடிஞ்சுடும். அதுங்களுக்கு? டாக்டர் சீட்டை உங்க மேசையிலதான் வெச்சிருக்கேன், படிங்க. அளவு ஜாஸ்தி போட்டது என் தப்பு. குறைச்சுட்டேன். மத்ததை என் தலையில கட்டாதீங்க."

"அப்போ போட்டது யாரு?"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம். இந்த மாசம் முழுக்க நூத்திருபது பேருக்கும் அவன்தான் வெங்காயம் உரிக்கப் போறான்."

மேனேஜர் போனை உயர்த்தினார். "நான் வண்டிக்குச் சொல்லத்தான் போறேன்."

"தாராளமா சொல்லுங்க. யாரைக் கடிச்சுச்சுன்னு கேப்பாங்க. யாரையும் கடிக்கல, வெங்காயம் தின்னுச்சுன்னு சொல்லுங்க."

மேனேஜரின் கட்டைவிரல் எண்களின் மேல் நின்றது.

"பின்வாசல்ல வைக்கக் கூடாதுன்னுதானே ஒட்டியிருக்கீங்க? டைரக்டர் முன்வாசல்ல, உங்க கார் நிழல்ல படுத்திருக்காரு. மத்த ரெண்டும் பக்கத்துலதான். எல்லாரும் வந்து போற இடம், நான் என்ன போடுறேன்னு எல்லாரும் பாக்கட்டும்." மாஸ்டர் கதவருகே போய் நின்றார். "கொஞ்சம் பிடிங்க சார். எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு."

விறைப்பான ஸ்பிரிங் கதவு. ஒரு கைக்கு அடங்காமல் திரும்பித் திரும்பி வந்து இடித்தது. மேனேஜர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். குவளைத் தண்ணீர் தளும்பாமல், நன்றி சொல்லாமல், மாஸ்டர் அவரைக் கடந்து போனார்.