மாப்பிள்ளை வீட்டாரில் ஒருத்தி

நாகர்கோவிலில் அந்தக் கல்லூரி நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஜாஸ்பினைத் தெரியும். வரதட்சணை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். ஜன்னலோர மேசை அவளுடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை. பெண்கள் பிரச்சினை என்று யார் கேட்டு வந்தாலும் நூலகர் தங்கையன் சார் அலமாரியைக் காட்டுவதற்கு முன்னால் அவளைத்தான் காட்டுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கல்யாணமான பெண்களை வீடு வீடாகத் தேடிப்போய், "ஒங்க கல்யாணத்துக்கு என்னெல்லாம் கேட்டாவ?" என்று கூசாமல் கேட்கிறவள் அல்லவா.

அந்த ஜாஸ்பின்தான் தம்பி சுபினுக்குப் பெண் பேசப் போன இடத்தில் வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். அம்மா ராகேல் முதலில் நகையைச் சொன்னாள், பிறகு காரைச் சொன்னாள். பெண்ணின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தோப்பை விற்றுவிடலாம் என்றார். ஜாஸ்பின் தட்டிலிருந்த முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள். அதை மென்று முடிப்பதற்குள் பேச்சும் முடிந்துவிட்டது. கதவோரம் நின்ற பெண் ஜினி எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஜினி அதே கல்லூரியில் எம்.ஏ. படிக்கிறாள். கல்யாணம் நிச்சயமான விவரம் தெரியாத தங்கையன் சார் ஒருநாள் அவளைக் கையோடு அழைத்துவந்து மேசையருகே விட்டார்.

"வரதட்சணதான் இவளுக்கும் புராஜெக்ட். ஒனக்க ஆளுதான் மக்கா, பாத்துக்க."

ஆய்வேடுகளை வெளியே கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை. வரதட்சணை பற்றி இருவருக்கும் வேண்டியிருந்த பழைய ஆய்வேட்டில் இருப்பதும் ஒரு பிரதிதான். நாத்தனாரும் மணப்பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டியதாயிற்று. ஜாஸ்பினுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஜினி பேனாவைத் திறந்தாள். "மைனி, பொண்ணு வீட்டுக்காரங்க நெறைய பேரு பேசினாவ. மாப்பிள்ள வீட்டுல ஆரும் வாயே தெறக்க மாட்டேங்குதாவ. நீங்க சொல்லுவியளா?"

ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்டவள் எப்படி மறுப்பாள்? தலையை ஆட்டினாள்.

"ஒங்க அம்மா கார் கேட்டப்போ நீங்க என்ன சொன்னிய?"

குத்திக் காட்டுகிறாளா என்று ஜாஸ்பின் அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை. அப்படி இருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம்.

"ஒண்ணும் சொல்லல்ல."

"ஏன் மைனி?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் பொய் சொல்கிறவர்களைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருக்கிறாள். "கொட்டாரத்துலேருந்து நாகர்கோவிலுக்குத் தெனமும் பஸ்ல நின்னு வந்து அலுத்து மடுத்துப் போச்சு. கார் வந்தா நானும் ஏறிக்கிடலாம்ணு நெனச்சேன்."

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. ஜினி ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதிக்கொண்டாள். கடைசியில், ஜாஸ்பின் எல்லாரிடமும் வழக்கமாகக் கேட்பதையே ஜினியும் கேட்டாள்.

"பேர மாத்தணுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் ஜாஸ்பின் வாயெடுத்தாள். அம்மா, கோயிலில் தெரிந்தவர்கள், தங்கையன் சார் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது.

"மாத்திரு மக்கா."

"சரி மைனி. எங்க வீட்டுக் கதைய எழுதுனப்போ எனக்க பேரையும் மாத்தித்தான் போட்டிருக்கேன். நாளைக்கு ஒங்க வீட்டுலல்லா இருக்கணும்."