‘பி’ என்று பழகிய கை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சேவுகனுக்குக் கணினி பழுதுபார்க்கும் கடை. படுத்துவிட்ட மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் முதலில் திட்டுதான். "எதையும் ரெண்டு காப்பி எடுத்து வச்சிருக்கணும் லா, அண்ணே!" அதன் பிறகு தன் லினக்ஸ் கணினியில் ஒரு பென்டிரைவைச் செருகி, அதைக்கொண்டே செத்த கணினியைக் கிளப்பும்படி அதில் இயங்குதளத்தை எழுதிக் கொடுப்பார். ஒரே வரிக் கட்டளை. எதில் எழுதுவது என்பதற்கு அதில் ஓர் எழுத்து. கணினியின் சொந்த வட்டு ‘ஏ’, முதலில் செருகியது ‘பி’, அடுத்தது ‘சி’. சேவுகன் எப்போதும் ஒன்றைத்தான் செருகுவார். ‘பி’ அடித்து அடித்துக் கை பழகிவிட்டது. அந்தக் கட்டளையோ, நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது. இருப்பதன்மேல் எழுதிக்கொண்டே போகும்.

ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் தன் வீட்டில் செய்யவில்லை. மகள் ஜனனி சாலை விபத்தில் போய் இரண்டு வருடம். அம்மா இந்திராவுக்கு அவள் அனுப்பிய பதினொரு குரல் செய்திகள் மட்டும் மிச்சம். பழைய கைப்பேசி கெட்டுப்போகுமுன் எடுத்து வைத்தது, அதுவும் ஒரே பென்டிரைவில்.

அன்று இந்திரா கிள்ளான் வீட்டிலிருந்து ரயிலேறிக் கடைக்கே வந்துவிட்டாள். "இன்னிக்காவது காப்பி எடுங்க," என்று தானே அந்தப் பென்டிரைவை அவர் கணினியில் செருகிவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனாள்.

வாடிக்கையாளர் பழனியப்பன் அவசரப்படுத்தினார். "பாஸ், பிள்ளைக்குப் பரீட்சை லா!" சேவுகன் அவருடைய பென்டிரைவைப் பக்கத்துத் துளையில் செருகினார். கை ‘பி’ என்று அடித்தது.

முடிந்ததென்று திரை சொன்னது. பழனியப்பனுடையதைப் பிடுங்கிப் பார்த்தால் அதில் ஒன்றுமே எழுதப்படவில்லை. எழுதியதெல்லாம் இந்திரா முதலில் செருகியதன்மேல். பழனியப்பனை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மீட்கும் மென்பொருள்களையெல்லாம் ஓட்டினார். பழைய கல்யாணப் படங்கள் நாலைந்து வந்தன. குரல் ஒன்றுகூட வரவில்லை.

இந்திரா பொட்டலங்களோடு திரும்பினாள். மறைக்கத் தெம்பில்லாமல் சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லை, உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க அத ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா?"

இல்லை. கேட்டால் தாங்க மாட்டோம் என்று, அப்புறம் அப்புறம் என்றே இரண்டு வருடத்தைத் தள்ளியிருந்தார், பாவி மனிதர்.

"என்ன சொன்னா?"

"கடைசி ஒண்ணு உங்களுக்குத்தான். ஃபோன எடுக்கச் சொல்லுங்கன்னு..." செட்டியார் வீட்டுப் பிள்ளை அப்பாவைக் கூப்பிடும் ‘அப்பச்சி’யை, மகள் இழுப்பதுபோலவே இந்திரா சொல்லிப் பார்த்தாள். அந்த இழுப்பு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொல்லிப் பார்த்தாள்.