பாய் சொல்லிக்கொண்டிருந்த பேர்

எமர்ஜென்சி முடிந்த வருஷம். காய்ச்சலில் துவண்டுபோன என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வராண்டாவில் டாக்டருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் நின்றார். நெடிய உருவம், சட்டையெல்லாம் எலுமிச்சை வாசம். அவர் கையில் பிறந்து மூன்றே நாளான ஆண் குழந்தை, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அவர் அதன் காதருகே குனிந்து குனிந்து ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன பாய் சொல்லுதிய?”

“பேரு அண்ணாச்சி. யஹ்யா. அரபியில ‘உசுரோட இருக்கான்’னு அர்த்தம். வயசான காலத்துல ஜக்கரிய்யா நபிக்குப் பிறந்த பிள்ளைக்கு அல்லாஹ்வே வச்ச பேரு. அதுக்கு முன்னால யாருக்கும் இருந்ததில்ல.”

“உங்கள்ல ஏழாம் நாளுதான பேரு வைப்பாக?”

“அதுவரைக்கும் இருக்கணும்லா.”

எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தவறிவிட்டன. இவனையாவது எமன் சீண்டாமல் போகட்டும் என்று குப்பை என்று பேர் வைத்திருந்தோம். இந்த மனிதரோ எமன் காதில் விழும்படி சொல்கிறார்.

“இப்படிச் சத்தமா சொல்லுதியளே, பயமா இல்லையா?”

“பயந்தான். அதான் நிறுத்தாம சொல்லுதேன்.”

நர்ஸ் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் மூடிய கதவோடு வாயை ஒட்டி வைத்து அதே பேரைச் சொன்னார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை.

எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. நானும் என் மகன் காதில் அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.