மார்பு வழியா, தொடை வழியா

கிட்ட வந்து உட்காருங்க, ஆஸ்பத்திரிக் கதையை உரக்கச் சொல்ல முடியாது. ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுற வேலையில, போகும்போது நோயாளி என் முகத்தைப் பார்ப்பாங்க, வரும்போது சொந்தக்காரங்க பார்ப்பாங்க. ரெண்டுக்கும் ஒரே முகத்தை வச்சிருக்கணும். தியேட்டர் வாசல்ல நீங்களும் நகம் கடிச்சிருப்பீங்க, உங்களுக்குப் புரியும்.

உள்துணி

பாலவாக்கத்துல தெருத்தெருவா மீன் விக்கிற தனம் அக்காவை, மயிலாப்பூர்ல இருக்கிற எங்க ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரர் ஏழுமலை ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாரு. முதுகுல கத்தி சொருகின மாதிரி வலியாம். ஸ்கேன்ல பார்த்தா, இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருந்தது.

எங்க ஆபரேஷன் டாக்டர் ஸ்டெல்லா மேடம் தன்னோட கைப்பையைத் திறந்து உள்துணியை இழுத்துக் காட்டினாங்க. "இந்தத் துணி கிழிஞ்சா, போடுற சாமான் துணிக்குப் பின்னால போயிடும்ல? ரத்தமும் அப்படித்தான் தப்பு வழியில பூந்திருக்கு. கிழிசலைச் சரிபண்ணணும். அதுக்குக் கீழே ஸ்டென்ட்னு ஒரு கம்பிவலைக் குழாயைச் சரியான வழியில விரிக்கணும். தப்பு வழியில விரிஞ்சா காலுக்கு ரத்தம் போகாது."

ஏழுமலை அந்தப் பையையே பார்த்துக்கிட்டு நின்னாரு. "இன்னா மேடம், ஊரெல்லாம் நடந்து வியாபாரம் பண்ற காலு அது. அத்தப் பாத்துக்கினு தச்சுடும்மா."

ரெண்டு கட்சி

கை கழுவுற இடத்துலேயே வாக்குவாதம் ஆரம்பிச்சது. தொடை ரத்தக்குழாய் வழியா கம்பி விட்டு ஸ்டென்ட் வைக்கிறதுல கோபால் டாக்டர் கெட்டிக்காரர். "மேலேருந்து ஸ்டென்டைத் தள்ளினா, ரத்தக்குழாய் வளைவுக்குக் கீழே உங்களுக்குக் கண்ணே தெரியாது மேடம். நான் தொடையிலேருந்து எக்ஸ்ரேல பார்த்துண்டே வருவேன்"னாரு.

மேடம் விடலை. "கிழிசல் இதயத்துக்குப் பக்கத்துலேயே ஆரம்பிக்குது, மார்பைத் திறந்தே ஆகணும். திறந்த இடத்துலேயே ஸ்டென்டை இறக்கினா சீக்கிரம் முடியும். ஏன், உங்க கம்பி மட்டும் தப்பு வழியில நுழையாதா?"

எனக்கு ரெண்டு பேச்சுமே நியாயமாத்தான் பட்டது. கையைத் துடைச்சுக்கிட்டே மேடம் சிரிச்சாங்க. "சரி கோபால், கம்பி உங்களுது, ஸ்டென்ட் என்னுது. நீங்க கீழேருந்து வழி காட்டுங்க, நான் மேலேருந்து அதுலேயே இறங்குறேன்."

கம்பி

கூப்பிட்டா ஓடுறதுக்காக நான் மூலையில நின்னேன். எக்ஸ்ரேயோட, தொண்டைக்குள்ள இறக்கின எக்கோ கருவியும் திரையில படம் காட்டுது. தொடையிலேருந்து கம்பி ஏறுது. திடீர்னு கோபால் டாக்டர், "நிறுத்துங்கோ, என் கம்பி தப்பு வழியில போயிடுத்து"ன்னு தானே சொல்லி வெளியே இழுத்தாரு. அத்தனை பேர் முன்னால அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும். மறுபடி விட்டாரு. சரியான வழி.

அப்புறம் உடம்பைக் குளிர வச்சு, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மேடம் ரத்தக்குழாயைத் திறந்தாங்க. மேலே எட்டிப் பார்த்த கம்பியைப் பிடிச்சு, ஸ்டென்டை அதுல கோர்த்துக் கீழே இறக்கி விரிச்சாங்க. கை ஒரு தடவைகூடத் தயங்கலை. தைச்சு முடிச்சு ரத்தம் திரும்ப ஓடினப்போ, கோபால் டாக்டர் திரையைப் பார்த்து, "பேஷ் மேடம்! நானே வச்சிருந்தாலும் இவ்வளவு நன்னா ஒக்காந்திருக்காது"ன்னாரு.

கால்

படம் நல்லா இருந்தா போதுமா, கால் ஆடணுமே. மறுநாள் தனம் அக்கா கண்ணைத் திறந்துச்சு. வாயில குழாய், பேச முடியாது. நர்ஸ் "காலை அசைங்கம்மா"ன்னு கெஞ்சினாங்க. கோபால் டாக்டர் உள்ளங்காலைத் தட்டினாரு. ஏழுமலை "தனம், தனம்"னு கூப்பிட்டாரு. அது பாட்டுக்குக் கூரையைப் பார்த்துக்கிட்டுக் கிடந்துச்சு. கோபால் டாக்டர் முகம் சுண்டிப் போச்சு.

ஸ்டெல்லா மேடம் வந்தாங்க, எல்லாரையும் ஒதுங்கச் சொன்னாங்க, அதோட காதுகிட்ட குனிஞ்சாங்க. "இன்னாக்கா, உன் கூடைல கீறது நேத்து மீனாமே? பாலவாக்கம் பூரா பேசிக்கினு கீறாங்க!"

போர்வை பறந்துச்சு. ரெண்டு காலும் கட்டில் கம்பியை உதைச்சுது. அழுதுக்கிட்டே சிரிச்ச ஏழுமலை மேடத்தைக் கும்பிட்டாரு. "போதும் மேடம், இன்னும் ஒரு வார்த்த சொன்னா எழுந்து அடிச்சிடும்!"

அத்தனை மிஷினையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, எங்க மேடம் கடைசிப் பரிசோதனைக்கு ஒரு மீன்காரம்மாவை வம்புக்குத்தான் இழுத்தாங்க.