மாலை போட்ட படம்

எண்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். ஜவ்வாது மலையில் புளி உலுக்கிக்கொண்டிருந்த சமயம். அப்போது நான் இலங்கைக்குப் போன நம் படையில் சிப்பாய். கையில் குண்டுச் சில்லு பாய்ந்து, கப்பலில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, கட்டுப் போட்ட கையோடு செங்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு லீவில் வந்தேன்.

பட்டாளத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. லீவில் போகிறவன், தன் பக்கத்து ஊர்க்காரன் வீட்டுக்கும் போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். திரும்பி வந்ததும் வீட்டில் என்ன குழம்பு, அப்பா இளைத்திருக்கிறாரா, கன்று போட்ட மாடு எப்படி இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். கடிதம் வந்தால் அதில் எல்லோரும் நலம் என்றுதான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தவன் சொன்னால்தான் எங்களுக்கு நம்பிக்கை.

என் நண்பன் ஒருவன் ஜவ்வாது மலைக்காரன். எப்போது பார்த்தாலும் சாமைச் சோறு, சாமைச் சோறு என்று ஏங்குவான். அதனால் அவனுக்கு 'சாமை' என்றே பெயர் வைத்துவிட்டோம். என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது பக்கத்தில் ஓடி வந்தான். "டேய், எங்க வூட்டாண்ட போய்ட்டு வாடா. எங்கம்மா கையால சாப்ட்டுட்டு வந்து சொல்லு" என்றான். எனக்கு ரத்தம் கொட்டுகிறது, அவனுக்குக் குழம்புக் கவலை!

மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, ஓடை தாண்டி நடந்தேன். மரியாதையாக இருக்கட்டும் என்று யூனிஃபார்ம் போட்டிருந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. குரல் கொடுத்தேன், பதில் இல்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்ச் சுவரில் சாமையின் படம். கண்ணாடி போட்டு மாட்டி, நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை சாத்தியிருந்தார்கள். கீழே அகல் எரிந்துகொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மூன்று வாரத்துக்குள்ளா? எனக்கு யாரும் சொல்லவில்லையே! அங்கேயே உட்கார்ந்தேன். "போய்ட்டியாடா!" என்று வாய்விட்டுக் கதறினேன்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய அம்மாவும் அப்பாவும் புளிக்கூடையோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? பட்டாளத்துக்காரன் ஒருவன், கையில் கட்டு, மகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறான். கூடை விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். "ஐயோ, எம் புள்ள!" என்று அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். ஊரே ஓடி வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நானும் சேர்ந்து அழுதேன்.

அப்பா என் தோளைப் பிடித்தார். "எப்ப ஆச்சி தம்பி? ஒடம்பக் கொண்டாருவாங்களா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? உங்களுக்குத் தந்தி எப்ப வந்துது?"

"தந்தியா? ஒண்ணும் வர்லியே. நீதான சொல்ல வந்துகீற?"

நான் படத்தைக் காட்டினேன். "அப்ப அந்த மாலை இன்னாத்துக்குங்க?"

சென்னையில் கப்பல் ஏறும் முன்பு ஸ்டுடியோவில் எடுத்து அவன் அனுப்பிய படமாம் அது. அந்த வீட்டில் அதுவரை சாமி படங்கள் மட்டும்தான் இருந்தன. மனிதர் படம் என்று வந்தது இதுவே முதல். அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று, சாமிக்குச் செய்வதை அவனுக்கும் தினம் செய்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில், "உசுரோட இருக்கறவன் படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா?" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். "சாமி படத்துக்குப் போடறோமே, சாமி இன்னா செத்தா பூட்டாரு?"

அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. அகலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"எம் புள்ள நல்லா கீறான்னு இத்து மேல சத்தியம் பண்ணு."

"நான் வர்றப்ப நல்லாதாம்மா இருந்தான்."

"அப்ப இருந்தான். இப்ப?"

என் கை எழவில்லை. நான் அவனைப் பார்த்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே மூன்று நிமிஷத்தில் என்னவெல்லாம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்த அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் பதிலுக்குக் காத்திராமல் விளக்கைப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். புறப்படும்போது மாலையைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கை ஆறி மறுபடி கப்பல் ஏறினேன். முகாமுக்குள் நுழைந்ததும் சாமைதான் முதலில் ஓடி வந்தான். "இன்னா கொழம்புடா?" என்றான். அவனை இறுகக் கட்டிக்கொண்டேன்.

"மொச்சைக் கொழம்பு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

"எங்கம்மா உப்பு ஜாஸ்தி போட மாட்டாளே!" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நான் வேறு பேச்சுக்குத் தாவினேன்.

இருவரும் உயிரோடு ஊர் திரும்பினோம். குண்டு பட்ட வலி எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. ஆனால் இன்றும் என் மகன் வீடு திரும்ப நேரமாகி, 'கிளம்பும்போது நல்லாத்தானே இருந்தான்' என்று என்னை நானே தேற்றிக்கொள்ளும்போதெல்லாம், "இப்ப?" என்று அந்த அம்மா கேட்பது என் காதில் விழுகிறது.